பேரீச்சம்பழத்துக்குப் போன கால்

தை பிறந்தால் கரைக்காட்டுப்பட்டியில் வாசல்களின் நிறம் மாறிவிடும். மரத்திலிருந்து பறித்துவந்த மிளகுக் கொத்துகளைச் சாணம் மெழுகிய வாசலில் கொட்டி, காலால் துவைத்து, மணியைத் தனியே எடுத்துக் காயப்போடுவார்கள். முதல் நாள் பச்சை, மறுநாள் பழுப்பு, அப்புறம் கறுப்பு. மலைமேல், வாழவந்தி நாட்டின் மேட்டுப்பக்கம் இருக்கிற சின்ன ஊர் அது. வெயில் தாமதமாக வரும். வந்தாலும் பொழுது சாய்வதற்கு முன்பே பனி அதை விரட்டிவிடும். அந்த இடைவெளிக்குள் காய்ந்தால் மிளகு, காயாவிட்டால் பூஞ்சை.

காளியண்ணனின் காடு பெரியதில்லை. சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகுக்கொடி, அடியில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி, ஓரமாகக் கொஞ்சம் சாமை. கணுவுக்குக் கணு கிளையைக் கட்டையாக விட்டு வெட்டிய ஒற்றை மூங்கில்தான் அவர் ஏணி. அதில் ஏறி நின்றால் கீழிருந்து பார்ப்பவர்களுக்கு இடுப்பில் கட்டிய சாக்கும் இரண்டு பாதங்களும்தான் தெரியும். அவர் மனைவி பொன்னாயி கீழே நின்றபடி, "அந்தக் கவையில ஒரு கொத்து உட்டுட்டீங்க பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். "நீ வந்து ஏறு" என்பார் அவர். "ஏறுனா நீங்க கீழ நின்னு சும்மா இருப்பீங்களா? அதுக்குத்தான் ஏறல" என்பாள் அவள்.

அவர்களுடைய ஒரே மகள் கலைமணி எட்டாம் வகுப்பு. நடை பழகிய கொஞ்ச நாளில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போனது. சேலத்தில் நடந்த ஒரு முகாமில் அளவெடுத்து, பலமுறை அலையவிட்டு, ஒரு கேலிப்பர் கொடுத்தார்கள். காலின் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை, தொடையிலும் முழங்காலுக்குக் கீழும் தோல் பட்டை, அடியில் பூட்ஸ். முழங்காலுக்கு நேரே ஒரு கீல். எழுந்து நின்றால் ஒரு வளையம் இறங்கிக் கீலைப் பூட்டிக்கொள்ளும். உட்காரும்போது வளையத்தைத் தூக்கிவிட்டால் மடங்கும். வீட்டில் அதற்கு இரும்புக்கால் என்று பெயர்.

ஐப்பசி மழையில் ஓடையைத் தாண்டும்போது கலைமணி வழுக்கி விழுந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கீல் உடைந்துவிட்டது. காளியண்ணன் அதைத் துடைத்து, கூரைச் சரிவுக்கு அடியில் எரவாணத்தில் செருகிவைத்தார். "மிளகு எடுத்ததும் கீழ கொண்டுபோயிச் சரிபண்ணிரலாம் கண்ணு" என்றார். அதுவரை காலையில் அவர் முதுகில் தூக்கிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் விடுவார். சாயங்காலம் பொன்னாயி போய் இடுப்பில் தூக்கி வருவாள். பதின்மூன்று வயதுப் பெண் இடுப்பில் எப்படி நிற்பாள்? பாதி வழி தூக்கியும் பாதி வழி தொடையைக் கையால் அழுத்திக்கொண்டு அவளாக நடந்தும் வருவார்கள்.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டோடு படிப்பு முடிந்துவிடும். ஒன்பதுக்கு விடுதியில் தங்கி மலைமேலேயே வேறு ஊரில் படிக்க வேண்டும். காளியண்ணன் போய்க் கேட்டதற்கு விடுதியில் சொன்னது ஒன்றுதான்: "தானா எந்திரிச்சுத் தானா நடக்கிற புள்ளயா இருந்தா தாராளமாச் சேத்துக்கலாம். தூக்கிவிட இங்க ஆளு இல்லீங்க." ஆனியில் பள்ளி திறப்பதற்குள் இரும்புக்கால் வேண்டும். அதைக் கணக்கில் வைத்துத்தான் அவர் அந்த வருஷம் கொடியில் ஒரு கொத்து விடாமல் பறித்தார்.

இந்த நேரத்தில்தான் முருகானந்தம் வாத்தியார் அந்தப் பாடத்தை எடுத்தார். காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் ஏறி வருகிறவர். இன்னும் கல்யாணம் ஆகாதவர். கோடை விடுமுறையில் ஒரு பயிற்சிக்குப் போய்வந்திருந்தார். அங்கே சொல்லிக்கொடுத்ததைக் கரும்பலகையில் வரிசையாக எழுதினார்: மண், ஆலை, கடை, வீடு. அதற்கப்புறம் ஒரு கேள்விக்குறி போட்டார்.

"வீட்டுக்கு வந்த பொருள் அப்புறம் எங்க போவுது?"

"ஓடைக்கு சார்."

"எங்கூட்டுப் பழைய குடம் தென்னமரத்தடிக்குப் போச்சு சார்."

"எங்கண்ணஞ் சட்ட எனக்கு வந்துச்சு சார். எங்கிட்டருந்து அடுப்புத் துணிக்குப் போயிரும்."

"பாத்தியா, உங்கூட்டுல அது சுத்தி வருது. ஓடைக்குப் போறது சுத்தி வரல, நின்னு போச்சு" என்றார் வாத்தியார். கேள்விக்குறியிலிருந்து திரும்பவும் ஆலைக்கு ஒரு கோடு வளைத்து விட்டார். "அடுத்த புதன்கிழமை ஆளுக்கு ஒரு பொருள் கொண்டு வரோணும். உடைஞ்சதா இருக்கோணும். வீட்டுல யாருக்கும் உதவாததா இருக்கோணும். அது எங்க பொறந்துச்சு, யாரு யாரு கை பட்டு வந்துச்சு, இனிமே எங்க போவும்னு சொல்லோணும். போற எடத்தச் சொல்றதுக்கு ஒருத்தரக் கூட்டிட்டு வாரேன்."

அந்த ஒருத்தர் ஜெய்லானி பாய். சேந்தமங்கலத்தில் பழைய இரும்புக்கடை வைத்திருப்பவர். புதன்தோறும் டெம்போவில் மலைக்கு வருவார். பழைய இரும்பு, ஈயம், பித்தளை, பிளாஸ்டிக் எது போட்டாலும் தராசில் நிறுத்துப் பேரீச்சம்பழம் கொடுப்பார். அவருடைய குரலை வளைவுக்கு அப்பால் கேட்டதுமே பிள்ளைகள் வீட்டில் எது துருப்பிடித்திருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிடும். அன்றைக்கு அவரைப் பள்ளிக்கூடத்துக்குள் கூப்பிட்டு நாற்காலி போட்டார் வாத்தியார். பாய் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார்.

"எனக்குப் படிப்பெல்லாம் இல்ல கண்ணுங்களா. என்ன சொல்லோணும்?"

"இந்த ஆணி எங்க போவும் பாய்?"

"சேலத்துக்குப் போவும். உருக்கிக் கம்பியா இழுப்பாங்க. உங்க ஊர்ல அடுத்து ஒரு ஊடு கட்டுனா இதே ஆணி கம்பியா வந்து செவுத்துக்குள்ள நின்னாலும் நிக்கும்."

"இந்தச் செருப்பு?"

"அதத் தூளாக்கிப் புதுச் செருப்புக்குக் கலப்பாங்க. ஆனா காது அறுந்ததுக்கே தூக்கிப் போட்டிருக்கியே, ஊக்கு ஒண்ணு குத்துனா இன்னொரு வருசம் ஓடும். கொண்டு போ, போ."

வகுப்பு சிரித்தது. செருப்பைக் கொண்டுவந்த பையன் அதை அப்படியே காலில் மாட்டிக்கொண்டான். நேரம் போனதே தெரியவில்லை. பாதிப் பேர் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. மீதிப் பேர் தங்கள் பொருளை டெம்போவில் போட்டுவிட்டுப் பேரீச்சம்பழத்துக்குக் கையை நீட்டினார்கள். பக்கத்து வீட்டுக் கண்ணாயி ஒரு யூரியாச் சாக்கை, வாய் கட்டியபடியே, டெம்போவில் ஏற்றினாள்.

"என்னம்மா இது, கனமா இருக்குது?" என்றார் பாய்.

"ஒடஞ்ச இரும்புங்க. கலைமணியுது. தூக்கிட்டு வரச் சொன்னா."

அவர் இரண்டு பங்காகப் பழம் கொடுத்தார். கலைமணி தன் பங்கை உடனே தின்னவில்லை. கையில் பிசுபிசுக்கும்வரை வைத்திருந்துவிட்டு, கொட்டையோடு கண்ணாயியிடம் கொடுத்துவிட்டாள்.

அடுத்த வாரம் காளியண்ணனின் மிளகு காய்ந்து முடிந்தது. கையில் அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வந்தது. மறுநாள் காலை பஸ்ஸுக்கு மூட்டையைத் தைத்துவிட்டு, இரும்புக்காலையும் கூடவே எடுத்துப் போகலாம் என்று எரவாணத்தில் கையை விட்டார். அரிவாள் இருந்தது, பழைய ஏர்க்கொழு இருந்தது. அது இல்லை.

"பொன்னாயி, இரும்புக்கால எடுத்தியா?"

"நான் எதுக்கு எடுக்கறேன்? நல்லாப் பாருங்க, பூனை தள்ளியிருக்கும்."

இரண்டு பேரும் கட்டிலுக்கடியில் பார்த்தார்கள், விறகுக்குவியலைப் பிரித்தார்கள். அடுப்படியில் உட்கார்ந்து குச்சிக்கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்த கலைமணி தலையைத் தூக்கவில்லை. கிழங்கின் தோல் ஒரே சுருளாக நீண்டுகொண்டே போனது.

"தேடாதீங்கப்பா. பாய் டெம்போவுல போட்டுட்டேன்."

பொன்னாயிக்கு முதலில் விளங்கவில்லை. "எத?"

"வாத்தியாரு ஒடஞ்சதக் கொண்டு வரச் சொன்னாரு. யாருக்கும் உதவாததக் கொண்டு வரச் சொன்னாரு. அது ஒடஞ்சதுதான? எனக்கு உதவலதான?"

"அடிப் பாவி! உங்கப்பன் எத்தன தடவ சேலத்துக்கு அலைஞ்சு வாங்குனது! பேரீச்சம்பழத்துக்கா போட்ட?"

"அது சின்னதாப் போச்சும்மா. நான் வளந்துட்டேன், அது வளரல. தொடையில அறுக்குது. சொன்னா, 'கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்க'ங்கறீங்க. அது இருந்தா அப்பா சரிபண்ணுவாரு. சரிபண்ணா நான் மறுபடியும் மாட்டோணும்." கிழங்கைக் கீழே வைத்தாள். "நான் விடுதிக்குப் போவலைன்னாப் போவுது. மெளகு காயப்போட்டுக்கிட்டு இங்கயே இருக்கறேன்."

பொன்னாயி கையை ஓங்கிவிட்டு, அதே கையால் மகளின் பாவாடையைத் தொடைவரை ஏற்றிப் பார்த்தாள். இரும்பு அறுத்த தழும்பு கறுத்துக் கிடந்தது. மூன்று மாதமாகியும் மாறவில்லை. அவள் தேங்காயெண்ணெயைத் தேடி எழுந்தாள்.

காளியண்ணன் வாசலுக்குப் போய் மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டார். பனி இறங்கிக்கொண்டிருந்தது. "இத்தன நாளு என் முதுகுல வருதே, ஒரு வார்த்த சொல்லலியே" என்றார். பிறகு, "சொல்லுச்சு. நாந்தான் கேக்கல" என்றார்.

காலையில் முருகானந்தம் வாத்தியார் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது காளியண்ணன் மகளை முதுகில் சுமந்து நின்றுகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்ட வாத்தியார், "எம் பாடத்துல போச்சா?" என்றார். தலைமையாசிரியரிடம் விடுப்பு சொல்லிவிட்டு அதே பஸ்ஸில் திரும்ப ஏறினார்.

"நீங்க எதுக்குங்க வாத்தியாரே? நாங்க கேட்டுக்கறமுங்க."

"இல்லீங்க. போற எடத்தச் சொல்றேன்னு சொல்லித்தான கொண்டு வரச் சொன்னேன். நானே பாக்கோணும்."

பஸ்ஸில் வாழைத்தாரும் மிளகு மூட்டையும் ஆளும் கலந்து நின்றன. கண்டக்டர் கலைமணியைப் பார்த்து, "என்ன காளியண்ணா, புள்ளைக்கு டிக்கெட்டா, லக்கேஜா?" என்றான்.

"லக்கேஜுன்னா எறக்கி ஏத்த நீங்கதான வரோணும்? அதயே போடுங்க" என்றாள் கலைமணி.

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் முழு டிக்கெட்டைக் கிழித்துவிட்டு வேகமாகப் பின்பக்கம் போனான். வளைவுக்கு வளைவு காளியண்ணன் மகள் சாயாமல் தோளால் தாங்கிக்கொண்டார். "பாய் நல்ல மனுசன். அப்படியே வெச்சிருப்பாரு" என்று ஒரு வளைவில் சொன்னார். அடுத்த வளைவில், "உருக்கறதுக்கு நாளாவுமில்லீங்களா?" என்று வாத்தியாரைக் கேட்டார். பாடத்தில் அது இல்லை.

சேந்தமங்கலத்தில் கடைவீதி முடிகிற இடத்தில் பாயின் கடை. முன்னால் தகரக்கொட்டகை, பின்னால் வீடு, நடுவில் களம். களத்தில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குவியல். கம்பி தனியாக, தகரம் தனியாக, பாட்டில் தனியாக, குடம் தனியாக. ஒரு பக்கம் மடக்கு நாற்காலிகள் கால் உடைந்து சாய்ந்து கிடந்தன. ஜெய்லானி பாயின் மனைவி ஹாஜிரா பீவி முக்காட்டை இறுக்கிச் செருகிக்கொண்டு ஒரு மூட்டையைக் கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். வியாபாரம் பாயுடையது; பிரிக்கிற வேலை எப்போதும் பீவியுடையது.

"வாங்க வாத்தியாரே! எங்க இவ்வளவு தூரம்?" என்று பாய் எழுந்தார். வாத்தியார் நடந்ததைச் சொன்னார்.

"யூரியாச் சாக்கு... வாய் கட்டுனது... யா அல்லாஹ். முந்தாநேத்துதாங்க இரும்பு லோடு ஏறுச்சு."

"ஏறிருச்சுங்களா?" என்றார் காளியண்ணன்.

"ஏறிருச்சு. இந்நேரம் உலைக்கே போயிருக்கும்."

காளியண்ணன் மகளை இறக்கி ஒரு பெட்டியின் மேல் உட்காரவைத்தார். தலைத்துண்டை எடுத்து உதறினார், திரும்பவும் கட்டினார், அதையும் அவிழ்த்தார்.

ஹாஜிரா பீவி எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் இரண்டு தோல் பட்டைகளும் ஒரு பூட்ஸும் இருந்தன. தோலைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருந்தார்.

"நாந்தான் பிரிச்சேன்" என்றார். "இரும்ப அவங்க எடுப்பாங்க. தோல யாரும் எடுக்கமாட்டாங்க. தூக்கிப் போடத்தான் போனேன்... மனசு வரல. ஆணியில மாட்டி வெச்சேன்." அவர் கலைமணியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தப் புள்ளதா?"

"ஆமாங்கம்மா."

பீவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் பொங்கிக்கொண்டு வந்தது. பாய் பதறிப்போய், "என்னா ஆச்சு உனக்கு?" என்றார்.

"இந்த மாதிரி சாமான் எங்களுக்கு எப்ப வரும் தெரியுமா வாத்தியாரே? ஊன்றுகோல் வரும், சக்கர நாற்காலி வரும், கண்ணாடி வரும். அதப் போட்டவங்க போனதுக்கப்புறந்தான் வரும். உசுரோட இருக்கறப்ப யாராச்சும் குடுப்பாங்களா? சாக்கப் பிரிச்சதும், இத்தினியூண்டு பூட்ஸப் பாத்தேன். எந்த ஊட்டுப் புள்ளயோ மவுத்தாப் போச்சுன்னு நெனச்சேன். அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல. பேரு தெரியாத அந்தப் புள்ளைக்குன்னு துஆ செஞ்சேன். அன்னிலருந்து தெனமும் செய்யறேன்." அவர் கலைமணியின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தார். "நீ உக்காந்திருக்கியே! உக்காந்திருக்கியே சாமி!"

முகம் தெரியாத ஒருத்தி தனக்காக அழுதிருக்கிறாள் என்பது கலைமணிக்கு என்னவோபோல் இருந்தது. "நான் சாவலீங்கம்மா. வலிச்சுதுன்னுதான் போட்டேன்" என்றாள்.

"எங்க வலிச்சுது, காட்டு." பீவி பழைய தோல் பட்டையை எடுத்து அவள் தொடையில் வைத்துப் பார்த்தார். இரண்டு முனையும் சேரவில்லை. "வலிக்காம என்ன செய்யும்? இது போன மனுசிக்குத் தெச்சது. இப்ப நீ வேற ஆளு." அவர் களத்தைத் திரும்பிப் பார்த்தார். "தவ்பீக்! டேய் தவ்பீக்! வெல்டிங்க நிறுத்திட்டு இங்க வா."

பக்கத்தில் சைக்கிள் கடையும் கேஸ் வெல்டிங்கும் வைத்திருக்கும் தவ்பீக், பீவியின் தம்பி. கையைத் துடைத்துக்கொண்டு வந்தவனிடம் பூட்ஸையும் தோலையும் நீட்டினார். "இதுக்கு இடையில இருக்கிற இரும்ப நீ செய்யோணும்."

"அக்கா, இதெல்லாம் டாக்டர் செய்யறது."

"டாக்டரா பத்த வெக்கிறாரு? அவருகிட்டயும் ஒரு வெல்டர்தான் இருப்பாரு. நீ செய்யி, அப்புறம் சேலத்துக்குக் கொண்டுபோயிக் காட்டிக்கட்டும். சரியில்லன்னா அவங்க சொல்லட்டும்."

அதற்கப்புறம் அந்தக் களத்தில் நடந்தது ஒரு சந்தை மாதிரி இருந்தது. கீல்தான் முக்கியம் என்றார் காளியண்ணன். நிற்கும்போது பூட்டிக்கொள்ள வேண்டும், உட்காரும்போது மடங்க வேண்டும். தவ்பீக் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு மடக்கு நாற்காலிகளிடம் போனான். கல்யாண மண்டபம் ஒன்று கழித்துப் போட்டவை அவை. ஒன்றை விரித்தான், மடக்கினான், காதருகே வைத்து மறுபடியும் மடக்கினான். "இது ஆயிரம் பேரு குண்டியத் தாங்குன கீலு. இந்தப் புள்ளயத் தாங்காதா?" என்றான்.

"டேய், பொம்பளப் புள்ள முன்னாடி!" என்றார் பீவி.

பட்டைக்கு அதே நாற்காலியின் கால் போதவில்லை. பாய் ஒரு பழைய இரும்புக் கட்டிலை இழுத்துவந்தார். வளையத்துக்குத் தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டு அறுத்தார்கள். வார் எல்லாம் லாரித் தார்ப்பாய் கட்டுகிற பெல்ட்; சேராத தோல் முனைகளை இணைத்ததும் அதுதான். பூட்ஸின் அடியை உயர்த்த டயர் ரப்பர். எடுத்துவந்த ஒவ்வொன்றையும் கலைமணி தன் காலில் வைத்துப் பார்த்தாள். கட்டில் பட்டையில் இரண்டு வேண்டாமென்றாள், ஒன்றைச் சரி என்றாள். வாத்தியார் காகிதத்தில் காலின் அளவை எடுத்துப் படம் போட்டார். கோடு நேராக வந்தது என்று தவ்பீக் பாராட்டினான். "சார் வாத்தியார் வேலைக்குப் போகாம எங்கூட வந்திருந்தா நல்லாப் பொழச்சிருப்பாரு."

பட்டையில் துளை போடும் நேரம் கலைமணி, "ஒரு தொளை போடாதீங்கண்ணா. கீழ கீழ நாலஞ்சு போடுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"நான் இன்னும் வளருவேன்ல. போல்ட்டக் கழட்டிக் கீழ எறக்கி மாட்டுனா இதுவும் வளரும்."

தவ்பீக் அக்காவைப் பார்த்தான். பீவி, "அது சொன்ன மாதிரி போடு" என்றார்.

மத்தியானம் பீவி எல்லோருக்கும் சோறு போட்டார். கத்தரிக்காய்க் குழம்பும் முட்டையும். காளியண்ணன் முதலில் கூச்சப்பட்டார். பிறகு, "மெளகு இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாமுங்க" என்றார். "மெளகுக்காரரு மூட்டையோட வந்துட்டு, எங்கூட்டு மெளகக் குத்தம் சொல்றாரு பாத்தியா" என்று பாய் சிரித்தார். காளியண்ணன் எழுந்துபோய் மூட்டையின் தையலைப் பிரித்து இரண்டு கை நிறைய அள்ளிக் கொண்டுவந்து கொடுத்தார். பீவி ஒன்றை வாயில் போட்டுக் கடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காரத்துக்கா மற்றதற்கா என்று யாரும் கேட்கவில்லை.

சாயங்கால வெயிலில் கலைமணி இரும்புக்காலை மாட்டிக்கொண்டு எழுந்தாள். வளையம் இறங்கிக் கீலில் 'டக்'கென்று உட்கார்ந்தது. பெட்டியிலிருந்து தராசுவரை நடந்தாள். திரும்பி நடந்தாள். தோல் பட்டையின் உள்ளே பீவி தன் பழைய புடவையை நாலாக மடித்துத் தைத்திருந்தார். "அறுக்குதா?" என்றார். கலைமணி தலையாட்டினாள், இல்லை என்று. அப்பாவின் பக்கத்தில் போய் நின்று, "இப்ப உங்க முதுகு வேண்டாம்ப்பா" என்றாள்.

காளியண்ணன் மூட்டையைத் தொட்டார். "இதுக்கு நான் என்னத்தக் குடுக்கறதுங்க பாய்? மெளக எறக்கி வெச்சுட்டுப் போறனுங்க."

"மெளக மண்டிக்குக் கொண்டு போங்க." பாய் பீவியைப் பார்த்தார்.

"இதுக்கு வேற வெல இருக்குது" என்றார் பீவி. "தொளை எல்லாம் தீந்துபோயி, இது உனக்குப் பத்தாத நாளு வரும். அன்னிக்கு எரவாணத்துல செருகக் கூடாது. யாரு கைலயும் குடுத்தனுப்பக் கூடாது. நீ நடந்து வந்து எங்கிட்டக் குடுக்கோணும். உன்னக் கண்ணால பாத்துத்தான் வாங்குவேன்."

"சரிங்கம்மா" என்றாள் கலைமணி.

சேலத்தில் முகாமுக்கு வரும் டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு விளிம்பைத் தேய்க்கச் சொன்னார், ஒரு வாரை மாற்றினார். "யாருய்யா செஞ்சது?" என்றார். காளியண்ணன் விவரமாகச் சொல்ல ஆரம்பித்தார். டாக்டர் பாதியிலேயே, "இருக்கட்டும், நல்லா இருக்குது. புதுசுக்கு எழுதி வெக்கறேன், வர்ற வரைக்கும் இதயே போடட்டும்" என்றார்.

அடுத்த புதன்கிழமை வாத்தியார் மறுபடியும் கரும்பலகையில் கோடு போட்டார். "போன தடவை யாரு சொல்லாம உட்டது?" கலைமணி எழுந்து முன்னால் வந்தாள். டக், டக் என்று சத்தம் கூடவே வந்தது.

"இது கல்யாண மண்டபத்துச் சேரு. இது ஒரு கட்டிலு, யாரு படுத்ததுன்னு தெரியாது. இது கொழாய். இது லாரிக்குத் தார்ப்பாய் கட்டுன வாரு. அடியில டயரு. உள்ள ஹாஜிரா அம்மாவோட பொடவை. தோலும் பூட்ஸும் மட்டும் எங்கிட்ட முன்னாடியே இருந்தது."

"கல்யாணச் சேருன்னா உம் மேல யாரு வேணும்னாலும் உக்காரலாமா?" என்றான் செருப்புக்காரப் பையன்.

"உக்காரு. மொய் வெச்சுட்டு உக்காரு."

வாத்தியாரே சிரித்துவிட்டார். சிரித்து முடித்துவிட்டு, "இனி உதவாததுன்னு நானாச் சொல்லமாட்டேன். கொண்டு வர்றதுக்கு முன்னாடி ஊட்டுல எல்லாரையும் கேட்டுட்டு வாங்க" என்றார். வாய் கட்டிய சாக்கு எதையும் அதற்குப் பின் அவர் அவிழ்க்காமல் டெம்போவில் ஏற்றவிட்டதில்லை.

ஆனியில் கலைமணி விடுதிக்குப் போனாள். காளியண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார். வாசற்படியில் அவள்தான் முதலில் ஏறினாள். முதுகில் பாரம் இல்லாமல் தனக்கு நடக்கவே வரவில்லை என்று அவர் அன்று ராத்திரி பொன்னாயியிடம் சொன்னார். "வேணும்னா என்னத் தூக்கிட்டு நடங்க" என்றாள் பொன்னாயி.

போல்ட் ஒவ்வொரு துளையாகக் கீழே இறங்கியது. பத்தாவது முடித்த கோடையில் கடைசித் துளையையும் தாண்டிவிட்டது. அதற்குள் சேலத்திலிருந்து புதியது வந்திருந்தது, எடை குறைந்தது, பளபளப்பானது. அதை மாட்டிக்கொண்டு, பழையதைத் துடைத்து ஒரு யூரியாச் சாக்கில் போட்டுக்கொண்டு, கலைமணி தனியாகப் பஸ் ஏறினாள். சாக்கின் வாயைக் கட்டவில்லை.

ஹாஜிரா பீவி களத்தில் பாட்டில் பிரித்துக்கொண்டிருந்தார். டக் சத்தம் கேட்டுத் திரும்பினார். முதலில் அடையாளம் தெரியவில்லை. கலைமணி அவரைவிட உயரமாக நின்றாள்.

"பத்தலீங்கம்மா. கொண்டு வந்துட்டேன்."

பீவி சாக்கை வாங்கவில்லை. முதலில் அவளை மேலிருந்து கீழே பார்த்தார். கன்னத்தைத் தொட்டார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அப்புறம்தான் சாக்கை வாங்கித் தராசில் வைத்தார். பாயின் தகரப் பெட்டியைத் திறந்து இரண்டு கை நிறையப் பேரீச்சம்பழத்தை அள்ளிக் காகிதத்தில் கட்டினார்.

"இதெல்லாம் எதுக்கும்மா?"

"பழைய இரும்பு போட்டா குடுக்கோணும்ல. தின்னு. போன தடவைதான் நீ திங்கலையாம், அந்தக் கண்ணாயிப் புள்ள பாய்கிட்டச் சொல்லிருச்சு."

கலைமணி ஒன்றை வாயில் போட்டாள். பீவி இரும்புக்காலைச் சாக்கிலிருந்து எடுத்து, போல்ட்டைக் கழற்றி முதல் துளைக்கே ஏற்றி மாட்டினார். சின்னதாகிவிட்ட அந்தக் காலைக் கொண்டுபோய்க் கடையின் முன்பக்கம், தெருவில் போகிறவர்கள் கண்ணில் படுகிற ஆணியில் தொங்கவிட்டார்.

"காளப்பநாயக்கன்பட்டியில கால் சூம்புன ஒரு சின்னப் புள்ள இருக்குதாம், வர்ற வாரம் கூட்டிட்டு வாராங்க" என்றார். "அது வர்ற வரைக்கும் இங்க தொங்கட்டும். இத நான் பிரிக்கமாட்டேன்."